நனைந்த புளிக்குச் சொன்ன வார்த்தை

ஒசூர்
12-11-1954

அன்புள்ள அம்மாவுக்கு மஸ்தானின் சலாம். நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் தங்கையின் இருமலும் எப்படி இருக்கின்றன?

திங்களன்று ஜூஜுவாடி அருகே எங்கள் புளி மண்டியின் மாட்டுவண்டி கவிழ்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்புதான், பயப்பட வேண்டாம். ஆனால் வண்டியோட்டி எல்லப்பன் அங்கேயே இறந்துவிட்டார். மண்டிக்கு வந்து விஷயத்தைச் சொல்லும்போது "இன்னாலில்லாஹி" என்றேன். கணக்குப்பிள்ளை அமீர் பாய் எல்லோர் முன்னும் சீறினார்.

"நம்ம ஆளுங்களுக்குச் சொல்றத அவனுக்கு எதுக்குடா சொல்ற?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்பதுதானே அதன் பொருள்? எல்லப்பன் வேறு எங்கே போவார்? குடம் உடைந்தால்கூட நீங்கள் அதைத்தானே சொல்வீர்கள்?

"போன வாரம் மழையில நாலு மூட்டை புளி நனைஞ்சதுக்கு நீங்களே சொன்னீங்களே பாய். புளி என்ன நம்ம ஆளா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இங்கே குளிர் அதிகம். ஒரு கம்பளி அனுப்புங்கள். இரண்டு வருடமாக எல்லப்பனின் கம்பளியைத்தான் இருவரும் போர்த்திக்கொண்டோம். அதைப் போர்த்தித்தான் அவரைத் தூக்கிப் போனார்கள்.

சேலம் லாரி கிளம்புகிறது, இதை டிரைவரிடம் கொடுக்க ஓட வேண்டும். கம்பளி மெதுவாக வரட்டும். எல்லப்பனுக்காக நீங்களும் அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லுங்கள் அம்மா, குடத்துக்குச் சொல்லும் அதே சத்தத்தில்.

உங்கள் மகன்
மஸ்தான்