மலைதூக்கிக்கு ஒரு உறை

09.03.2004, செவ்வாய்
நிப்பஸ் பகுதியில் ஒரு வீடு காலி செய்து கொடுத்தேன். வீட்டுக்காரர் கிரான்ஸ், எழுபத்தாறு வயது, விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். நல்ல அலுமாரி இரண்டு, மிச்சம் குப்பை. புத்தகப் பெட்டிக்குள் ஒரு பழைய சித்திரக்கதை: புலித்தோல் கட்டின தடியன் ஒருவன் மலையைத் தூக்குகிறான். மலைதூக்கி ஓட்டோமார். ஒருவருக்கும் தெரியாத பலசாலி. விலை போகாது.

13.03, சனி
பழைய சாமான் சந்தையில் மழை. புத்தகம் முழுவதையும் கட்டாகப் பிளோறன்ஸ் அக்காவிடம் தள்ளிவிட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சிறுவர் மூலைக்காம்.

15.03, திங்கள்
கிரான்ஸ் போன் எடுத்தார். "ஓட்டோமார் இருக்கிறானோ? அவனைக் கீறினது நான். எட்டு இதழோடை நிண்டுபோனான். மிஞ்சினது அந்த ஒண்டுதான்."
இருக்கு, ஞாயிறு கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டேன். இருக்கத்தானே வேணும்? விற்ற புத்தகக் கட்டுக்குள் புலித்தோல்காரனைக் கண்ட ஞாபகம் இல்லை.

16.03
காணேல்லை. நிலவறை, வான், கட்டிலுக்குக் கீழை — எங்கையும் இல்லை. பதினேழு வருஷ யாவாரத்தில சொன்ன சொல் மாறினதில்லை. அந்த மனுசனுக்கு இனி என்னத்தைச் சொல்லுறது?

17.03
கடைசியில் மனைவி நேசமலரிடம் கேட்டேன்.
"அந்த உடுப்பில்லாத தடியனோ? பிள்ளையள் பாத்திடுங்கள் எண்டு பிறவுன் பேப்பரால உறை போட்டனான்."
"போட்டிட்டு எங்கை வைச்சனீர்?"
"எடுத்த பெட்டியிலதான். உங்கடை சாமானை நான் ஏன் ஒளிக்கிறன்?"
உறை போட்ட புத்தகம் ஒன்றைச் சனிக்கிழமை என் கையாலேயே கட்டுக்குள் வைத்தேன். யாரோ படித்த பள்ளிக்கூடப் புத்தகம் என்று திறக்கவில்லை. வாங்கும்போது ஊசியைக்கூடத் திருப்பிப் பார்க்கிறவன் நான். விற்கும்போது? மடையன்.

18.03
பிளோறன்ஸ் அக்கா சிரிக்கிறா. "கட்டு இன்னும் அவிழ்க்கேல்லை. ஏன், உள்ளுக்கை நகை கிகை வைச்சனீரோ?"
"இல்லையக்கா, ஒரு ஆள்."
"ஆளோ? அப்ப வந்து கூட்டிக்கொண்டு போம்."
கிடைத்தது. ஒரு பக்கமும் மடங்கவில்லை. வானில் முன் இருக்கையில் தனியாக வைத்துக் கொண்டுவந்தேன்.

21.03, ஞாயிறு
முதியோர் இல்லம். உறையைக் கழற்றப்போனேன், ஏன் போட்டது என்றும் உள்ளதைச் சொன்னேன். கிரான்ஸ் இருமும் வரைக்கும் சிரித்தார்.
"கழட்டாதேங்கோ. பனிக்குள்ளையும் புலித்தோலோடைதான் நிக்கவேணும் எண்டு பதிப்பகத்தார் ஒரே பிடிவாதம். அம்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு அம்மா அவனுக்குக் கோட்டுப் போட்டுவிட்டிருக்கிறா."
பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பதினோராம் பக்கத்தில் இடது கை பிழையாம். நான் எத்தனை தரம் பார்த்தும் பிடிபடவில்லை.

02.04, வெள்ளி
நேசமலர் பேருக்குக் கடிதம். உள்ளே பென்சிலால் கீறின ஓட்டோமார்; கழுத்துவரை பொத்தான் பூட்டின தடித்த கோட்டோடு மலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.
குசினிச் சுவரில் கொழுவியிருக்கிறாள், பிள்ளைகள் சாப்பிடுகிற மேசைக்கு நேரே.