ரதிக்குப் புருவம் தீட்டியவள்

மாமா,

சாயங்காலம் கீழ் லயத்து வீடுகள் பக்கமிருந்து வைக்கோல் எரியும் வாசனை வந்தது. தப்பு மேளத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றும்போது வைக்கோலோடு தோலும் சேர்ந்து வீசுமே, அந்த வாசனை. மாசி பிறந்துவிட்டது என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் எஞ்சேலைய எடுக்க வந்து நிப்பாரு" என்றாள். எனக்குத்தான் உள்ளே போய் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

வருஷம் முழுக்கத் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் ஆள் நீங்கள். கையெல்லாம் காய்ப்பு, கம்பளியெல்லாம் பீடி வாடை. மாசி வந்தால் மட்டும் ரதி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள், மூட்டை முடிச்சோடு காமன் கூத்தையும் இந்தக் குன்னூர் மலைக்குத் தூக்கி வந்தார்கள். சிவன் மன்மதனை எரித்துவிடுவார், ரதி அழுது புலம்புவாள், மூன்றாம் நாள் மன்மதன் எழுந்துவிடுவான். அந்த ரதியை உருவாக்குவது அம்மாவின் வேலை. தங்கச்சி கை பட்டால்தான் வேஷம் நிற்கும் என்று வேறு யாரையும் முகத்தைத் தொட விடமாட்டீர்கள். மீசையை வழித்துவிட்டு வந்து அவள் முன்னால் சமர்த்தாக உட்காருவீர்கள். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டம் உங்களுக்குச் சுமார்தான். இடுப்பு வளையாது. ஆனால் மன்மதன் எரிந்தபின் டோப்பா முடியை விரித்துப்போட்டு ஒப்பாரி எடுத்தீர்களென்றால், யாருக்கும் இரங்காத கணக்கப்பிள்ளை வீட்டு அம்மாகூட மூக்கைச் சிந்துவார்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த வருஷம், கூத்துக்கு நாள் நெருங்கும்போது அவளுக்குக் கோயம்புத்தூரில் கீமோ நடந்துகொண்டிருந்தது. தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது. மலை இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் அவள் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்துக்கொண்டே வருவீர்கள். அப்பா பேச்சையே மறந்தவர் போல ஆகியிருந்தார். அப்போதுதான் இந்த வருஷம் வேஷம் கட்டப் போவதில்லை என்று ஊரில் சொல்லிவிட்டீர்கள். முழங்கால் வலி என்று காரணம் சொன்னீர்கள்.

நிஜக் காரணத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

"நான் பாடும்போது எப்பவும் முன்னாடி அவதான் நிப்பா பாப்பா. இந்த வருசம் அவ மூஞ்சியப் பாத்து ஒப்பாரி பாடிட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா? நானே கூப்பிட்டு வச்ச மாதிரி ஆயிராதா?"

காலேஜுக்குப் போய் வந்தவள் நான், அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது.

காப்புக் கட்டும் நாளில், எல்லாரையும் கூப்பிடத் தப்பு அடித்துக்கொண்டு லயம் லயமாக வந்தார்கள். நம் வீட்டுக்குக் கிட்டே வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. முடியாதவள் படுத்திருக்கிறாள் என்ற கரிசனம்தான். வாசலைத் தாண்டும்வரை பூனை மாதிரி நடந்துபோய், அந்தப் பக்கம் போனபின் மறுபடி அடித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் இங்கன மட்டும் நிப்பாட்டுனாங்க? நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்களா?"

உடனே உங்களைக் கூட்டி வரச் சொன்னாள். வேஷப் பெட்டியும் கையோடு வர வேண்டும் என்றாள். நீங்கள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் போல நிலைப்படியில் நின்றீர்கள். உங்களுக்கு என்ன பயம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அழுகைய மட்டும் நிறுத்திட்டு மூணாம் நாள் அவன எப்பிடிண்ணே எழுப்புவீங்க? அவன் எந்திரிக்கிறத நான் பாக்கணும். நீங்க பாடுங்க."

நீங்கள் அவள் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். நான் கண்ணாடியைப் பிடித்தேன். மருந்துக் களைப்பில் அவள் தீட்டியதில் ஒரு புருவம் ஏறி ஒரு புருவம் இறங்கிவிட்டது. நீங்கள் அழுது பவுடரையெல்லாம் கரைத்தீர்கள், அவள் திட்டிக்கொண்டே திரும்பப் பூசினாள். கடைசியாக டோப்பாவை எடுத்துச் சீவினவள், என்ன தோன்றியதோ, தலையில் கட்டியிருந்த துண்டை உருவிப் போட்டுவிட்டு அந்த டோப்பாவைத் தன் மொட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். ரதி நல்லாருக்காளா என்று கேட்டாள். அப்பா சிரித்தார், மாமா. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வீட்டில் ஒருத்தர் சிரித்தார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி அப்போதே இறங்கிவிட்டது.

பிறகு நீங்கள் பாடினீர்கள். பட்டப்பகலில், அந்தச் சின்ன அறையில், முழு ஒப்பாரியையும் பாடினீர்கள். அப்பா அரிசி டின்னைத் தட்டித் தாளம் போட்டார். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். அன்று சாயங்காலமே போய்க் காப்புக் கட்டிக்கொண்டீர்கள். மன்மதன் எழுந்த அன்று, உங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாய் நின்றவள் அவள்தான்.

கூத்தால்தான் குணமானது என்று நான் சொல்லவில்லை. மருந்தும் டாக்டரும் செய்த வேலை அது. ஆனால் மருந்து உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருந்த அந்த மாதங்களில், நாங்கள் நாலு பேரும் மூச்சுவிட்டது அந்தப் பாட்டால்தான். இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் போனீர்கள் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

போன மழைக்காலத்தில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஊசியில்லை, மருந்தில்லை, யாருக்கும் சிரமமில்லை. அம்மா முதலில் அழவே இல்லை. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த புருவத்தை விரலால் நீவிவிட்டாள். பிறகு ரதியின் ஒப்பாரியை முதலிலிருந்து எடுத்தாள். அவள் அதை வாய்விட்டுப் பாடி நான் கேட்டதே இல்லை. நீங்கள் எப்போதும் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அவளும் சரியாக நின்று, மூச்சு வாங்கி, மேலே பாடினாள். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாட்டை அவளுக்காகப் பாடும்படி ஆகிவிடுமோ என்று எவ்வளவு பயந்தீர்கள். ஆகவில்லை, மாமா.

இப்போது முடியாதவர் இருக்கும் வீட்டில் என்னால் குரலைத் தாழ்த்திப் பேச முடிவதில்லை. கொஞ்ச நாள் முன்னால் என் வீட்டுக்காரர் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வந்து படுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிசுகிசுத்தார்கள். மகள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். நான் போய்க் கூட்டிவைத்தேன். அவர்கள் போனபின் அடுப்படியில் நின்று உங்கள் ஒப்பாரியை எனக்கு வந்த மட்டும் பாடினேன். உள்ளேயிருந்து அவர், யார் செத்துப்போனது என்று கேட்டார்.

"யாரும் சாகல. காப்பி ஆறுது, எந்திரிச்சு வாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அவரே எழுந்து வந்தார்.