ஜெயித்த பிறகும் தூக்கிய கம்பு

குன்னூர்,
புதன்கிழமை

அன்பு மகள் கனிஷ்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே குன்னூரில் நானும், மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் லாரியோடு உன் அப்பாவும் நலம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நலமாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், அதற்கு கேரட் சீசன் முடிய வேண்டும். கல்கத்தா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், உடம்பில் வேர்க்குரு வந்துவிட்டதா, தண்ணீர் குடிக்கிறாயா? கடிதம் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ போனில் பேசிய அன்றே எழுத உட்கார்ந்தேன், "அன்பு மகள்" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் பேனா நகரவில்லை. நீ "அம்மா, பேசாம நான் ஊட்டுக்கே வந்துடட்டுமா, நீயே சொல்லு" என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் உனக்குப் பின்னால் நின்ற பெண் போனைக் கேட்டுவிட்டாள். இனி ஃபுட்பால் லீக் முடியும்வரை போனே கிடையாது என்று உன் கோச் மேடம் சொல்லிவிட்டதாக வேறு சொன்னாய். ஏழு கோல் வாங்கியதற்குப் போன்தான் காரணமாம். அந்த ஏழு பந்தும் போன் வழியாகவா உள்ளே போனது என்று அந்த அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லு. இல்லை வேண்டாம், சொல்லாதே, ஏற்கெனவே உன்னை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நீ கேட்டதற்கு பதில் சொல்லாமல் இருக்க மாட்டேன், ஆனால் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்குத் தைரியம் வரும்.

முதலில் நம் பேக்கரி மருதாசலண்ணன். அவர் கட்சி கட்டுகிற கிரிக்கெட் டீம் இந்த வருஷமும் பாயிண்ட்ஸ் டேபிளில் அடியில் கிடக்கிறது. கடைசியிலிருந்து எண்ணினால் நம்ம டீம்தானுங்க முதல் இடம் என்று வர்க்கி வாங்க வருகிற சுற்றுலாக்காரர்களிடம் எல்லாம் சொல்கிறார். அவர் டிவியை நேராகப் பார்த்தால் விக்கெட் விழுகிறதாம், அதனால் கேக் வைக்கிற கண்ணாடிப் பெட்டியில் தெரியும் பிம்பத்தைத்தான் பார்க்கிறார். அதில் வலது கை ஆட்டக்காரர்கள் எல்லாம் இடது கையால் ஆடுகிறார்கள், அப்படியும் விழுகிறது. போன வாரம் அந்த டீம் கோச்சை மாற்றிவிட்டது. எங்கள் டீ ஃபேக்டரியில் தூள் சரியாக வராவிட்டால் ஆபீஸ் கிளார்க்கை மாற்றுவார்களே, அது மாதிரிதான் இதுவும் என்று நான் சொன்னேன், கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேகப்பந்து வீசுகிற ஒருவருக்கு மறுபடியும் தொடையில் பிடிப்பாம், பேப்பரில் போட்டிருந்தது. "அந்தாளு வெளம்பரத்துல மட்டும் மலையேறி ஓடறானுங்க அம்மிணி, அதுல பிடிக்கலியாக்கு?" என்று மருதாசலண்ணன் கேட்கிறார். டென்னிஸ் ஆடுகிற ஒரு அம்மாள் மூன்றாவது தடவையாக ஓய்வு அறிவித்திருக்கிறாள். நம் பேருந்து நிலையத்தில் கடைசி பஸ் என்று சொல்லிச் சொல்லி மூன்று பஸ் விடுவார்களே, அது ஞாபகம் வந்தது.

உன் அம்மாவுக்கு எப்போதிலிருந்து இவ்வளவு விளையாட்டுப் பைத்தியம் என்று நீ நினைக்கலாம். நீ போகும்வரை கார்னர் எது த்ரோ எது என்றுகூட எனக்குத் தெரியாது, நீ சேறோடு வந்தால் துவைக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். இப்போது ஆபீஸ் விட்டால் நேராக ஊட்டுக்கு வரப் பிடிக்கவில்லை கண்ணு. பேக்கரியில் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களோடு நின்று ஒரு டீ குடித்தால் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் என்னோடு ஊடு வரைக்கும் வரும். அதற்காகப் போக ஆரம்பித்ததுதான். போனால் பேச ஏதாவது தெரிய வேண்டுமே என்று பேப்பரின் கடைசிப் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தேன். ஊட்டிலும் டிவியில் ஏதாவது மேட்ச் ஓடிக்கொண்டே இருக்கிறது, யார் யாரோடு ஆடினாலும் சரி, கூட்டம் கத்துகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்க வேண்டும். அன்றைக்கு ஆஃப்சைடு இல்லாததை ஆஃப்சைடு என்று நடுவர் கொடி தூக்க, நான் கரண்டியோடு வந்து அவரை நன்றாகத் திட்டிவிட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜெஸிந்தா அக்கா கதவைத் தட்டி, "யாரு சசி, ஊட்டுல ஆளுக வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, என் தம்பி வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே போய் தம்பிக்கு என்று பிளம் கேக் எடுத்து வந்து கொடுத்தாள். தம்பி பங்கையும் நானேதான் சாப்பிட்டேன்.

உன் மேட்ச் அன்று மருதாசலண்ணன் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு உன்னைத்தான் பெரிய டிவியில் போட்டார். கடையில் இருந்த எல்லாருக்கும் டீ கொடுத்து, "நம்ம வெள்ளியங்கிரி மகளுங்க, கேரட் கழுவற கையுறையப் போட்டு கோல் பிடிச்சுப் பழகுன புள்ளைங்க" என்று ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கோலுக்கு எல்லாரும் வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்றார்கள். இரண்டாவதுக்கு டிபெண்டர்தான் சரியில்லை என்றார்கள். நாலாவதுக்குப் பிறகு நான் இருக்கிற பக்கம் யாரும் திரும்பவே இல்லை. ஏழாவது விழப்போகிற நேரத்தில் மருதாசலண்ணன் ரிமோட்டை அழுத்தி, "சிக்னல் போச்சுங்க அம்மிணி, மிஸ்ட்டுங்க" என்று கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார். அங்கேயும் எட்டு விக்கெட் போயிருந்தது, பாவம் மனுஷன். நான் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, போனில் சிக்னல் பிடித்து மிச்ச மேட்சைப் பார்த்தேன். மேட்ச் முடிந்து எல்லாரும் போன பிறகும் நீ கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய், படம் அதற்குள் நின்றுவிட்டது. நின்றுபோன அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு மழை வரும்வரை நின்றிருந்தேன். அப்பாவிடம் நீ கேட்டதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேரட் லாரியை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்கே வந்துவிடுவார், நடுவழியில் டீசல் தீர்ந்தாலும் தள்ளிக்கொண்டு வருவார். தினமும் போனில் அவர் கேட்பது ஒன்றுதான், புள்ள சாப்பிட்டாளா என்று. சாப்பிட்டாள் என்று நானும் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

இப்போது நம் எஸ்டேட் கீழ் டிவிஷன் ஃபுட்பால் டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட் டோர்னமெண்ட் நடந்தது. ஃபெர்ன்ஹில்லோடு தோற்றார்கள், தேவாலா டீமோடு தோற்றார்கள், வாக்கோவர் கிடைக்க வேண்டிய மேட்சில் எதிர் டீம் ஜீப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததால் அதிலும் தோற்றார்கள். உனக்குத்தான் தெரியுமே, நம் கிரவுண்டில்தான் இலை லாரிகள் திரும்ப வேண்டும், அதனால் மேட்ச் முடிந்ததும் கோல் கம்பங்களைக் கழற்ற வேண்டும். தோற்ற டீம்தான் கழற்றி, மேடேறி ஃபேக்டரி ஷெட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நம் ஆட்கள்தான் எப்போதும் தூக்குகிறார்கள் என்பதால் ஷெட் சாவியையே நிரந்தரமாக அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். நீயும் பள்ளிக்கூட நாளில் நட்டு போல்ட்டையெல்லாம் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போவாய், ஒரு நாள் வாஷிங் மெஷினில் போல்ட் உருண்டதே.

போன ஞாயிற்றுக்கிழமை பிக்கட்டியோடு கடைசி மேட்ச். நானும் குடை பிடித்துக்கொண்டு போனேன், ஊட்டில் உட்கார்ந்தால் உன் கேள்விதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. பாதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டது, எதுவும் தெரியவில்லை, உதைக்கிற சத்தமும் ஒருவரை ஒருவர் திட்டுகிற சத்தமும்தான் கேட்டது. அந்தப் பனிக்குள் பிக்கட்டி ஆள் ஒருவர் தலையில் பந்து பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. நம் ஆட்கள் யாரும் அடிக்கவில்லை, ஆனாலும் கோல் கோல்தானே. அப்படியே விசில் ஊதிவிட்டார்கள், நாம் ஜெயித்துவிட்டோம் கனி! கேட்டதும் நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் நம் ஆட்கள் விசில் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் ஸ்பானரை எடுத்து நட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பிக்கட்டிக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மருதாசலண்ணன்தான் பனிக்குள் ஓடி, "டேய், செயிச்சுட்டீங்கடா, கீழ போடுங்கடா!" என்று கத்தினார். அப்புறம்தான் உறைத்தது, கம்பைப் போட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஆடினார்கள்.

நம் கோல்கீப்பர் கிருத்திக் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், உனக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன், இந்த டோர்னமெண்டில் அவன் வாங்கிய கோலைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. தூரத்துக் கோலில் மேல்கம்பின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு, மறுமுனை சேற்றில் கிடக்க, தனியாக நின்றுகொண்டிருந்தான். அதை ஒருவரால் தூக்க முடியாது, அவனுக்கு வழக்கமாக மறுமுனை பிடிக்கிறவன் ஆடப் போய்விட்டான். எனக்கு என்ன தோன்றியதோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் அந்த முனையை எடுத்து என் தோளில் வைத்தேன். நல்ல கனம். இரண்டு பேரும் மேடேறினோம். தேயிலைச் செடிக்கு நடுவே பாதித் தூரம் போன பிறகு, "ஏனுங்க்கா, நாம செயிச்சமாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்புறம் எதுக்குங்க்கா தூக்கறோம்?" என்றான். "பாதித் தூரம் வந்துட்டமே, நட" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கம்பு ஆடி என் தோள் இன்னும் வலிக்கிறது. ஷெட்டில் வைத்துவிட்டு, "கனிஷ்கா நல்லா இருக்காளாங்க்கா, ஏழு கோல் வாங்குனப்ப அவகூட நின்னது ஆருங்க?" என்று கேட்டான். 

அதனால் இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்ட மறுநாளே உன் ரஜாய்ப் போர்வையை வெயிலில் காயப்போட எடுத்தேன், வெயிலே வரவில்லை, அது நாற்காலி மேல் உன்னை மாதிரியே கால் நீட்டிக் கிடக்கிறது. வா என்று எழுதத்தான் கை துடிக்கிறது. அவ்வளவு துடிப்பதால்தான் அந்த பதிலை நான் நம்பவில்லை, அது உனக்காகச் சொல்வதா எனக்காகச் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. வராதே, அங்கேயே இரு என்று சொல்லவும் நான் ஆளில்லை, ஏழு கோலும் உன் மேல்தான் விழுந்தது, என் மேல் இல்லை. ஆகவே நானே வருகிறேன். உங்கள் கடைசி மேட்சுக்கு. மேனேஜர் ராஜசேகர் சாரிடம் லீவு கேட்டேன், "கல்கத்தாவுல என்னங்க விசேஷம்?" என்றார், ஃபுட்பால் மேட்ச் என்றேன், சிரித்தார், நான் சிரிக்காததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஈரோட்டைத் தாண்டாத நான் சென்னை போய் ரயில் மாறி வர வேண்டும். மேட்ச் முடிந்த பிறகு நீ முடிவு பண்ணு. வருகிறேன் என்றால் உன் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடிக்கிறேன். இருக்கிறேன் என்றால் உன் அறையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் திரும்புகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். திரும்பி வர இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன். உனக்கும் சேர்த்துப் போட இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் பேர் எழுதுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

விரலுக்கு டேப் சுற்றாமல் பிராக்டீஸ் போகாதே. தலைக்கு எண்ணெய் வை, கல்கத்தாவில் யாரும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். மீன் பிடிக்கவில்லை என்றால் தயிராவது கேட்டு வாங்கு. காலையில் சாப்பிடாமல் கிரவுண்டில் இறங்காதே, அப்பாவிடம் நான் சொல்கிற பொய்யை உண்மையாக்கு. வர்க்கி கொண்டு வருகிறேன், மருதாசலண்ணன் உன் டீமுக்கே சேர்த்துக் கொடுக்கிறாராம், கோச் மேடத்துக்கும் ஒன்று கொடு. நம் ஊர் தந்தி மாரியம்மன் உன் கைக்கும் காலுக்கும் துணை இருக்கட்டும், எந்தப் பந்து உள்ளே போனாலும் நீ நோகாமல் இருக்க வேண்டும், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கேட் வாட்ச்மேனிடம் என் பேரை மறக்காமல் சொல்லி வை, ஹிந்தியில் சண்டை போட எனக்குத் தெரியாது. மைதானத்தில் கூட்டத்துக்குள் என்னைத் தேடாதே. நீ எந்தக் கோலில் நிற்கிறாயோ அதற்குப் பின்னால் இருப்பேன், பெஞ்சில் உட்கார வைத்தால் பெஞ்சுக்குப் பின்னால்.

உன் வருகைக்கு இல்லை, என் வருகைக்குக் காத்திருக்கும்,
அம்மா
சசிரேகா