ஏழாவது டிஷ்

நிலவின் மறுபக்கம், ரேடியோ நிலையம். இரவு, 4ஆம் நாள், 09:20

பதிவு: எமல்டா பர்னாந்து. நிலையத்தில் நான் மட்டும். கூட இருந்த பொறியாளர் உடம்பு சரியில்லாததால் முந்தைய கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார். அடுத்த கப்பல் சூரியன் உதித்த பிறகுதான் இறங்கும். இங்கே ஓர் இரவு என்பது பூமியின் இரண்டு வாரம்.

அணுக்கடிகாரம் சரி. டிஷ் சரி. பேட்டரி இரண்டும் சரி. காலையில் பொட்டல உப்புமா.

பின்னால் இதைப் படிப்பவருக்கு: கருந்துளையை ஒரே ஒரு டிஷ்ஷால் படம் பிடிக்க முடியாது. அவ்வளவு தூரம் அது. பூமியில் ஆறு மலைகளில் ஆறு டிஷ், இங்கே ஏழாவது. ஏழும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்து, வரும் ரேடியோ அலையைக் கடிகார நேரத்தோடு டிஸ்க்கில் பதியும். பிறகு எல்லா டிஸ்க்கையும் ஓரிடத்தில் வைத்து அலையோடு அலையைப் பொருத்த வேண்டும். அப்போதுதான் எரியும் வளையமும் நடுவில் இருட்டும் தெரியும்.

ஆறு மலையிலும் ஒரே நாளில் வானம் தெளிய மூன்று வருடம் காத்திருந்தோம். நாளை மறுநாள் தெளிகிறது.

5ஆம் நாள், 14:05

ஒரு பேட்டரி செத்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். குளிரில் உறை பிளந்திருக்கிறது.

மிச்சமுள்ளதை வைத்து அறையைச் சூடாக்கலாம், அல்லது டிஷ்ஷை ஓட்டலாம். பதிவுக்கு ஒன்பது மணி நேரம். அதற்குப் பிறகு மிஞ்சுவது விடியும்வரை வருமா? கணக்குப் போட்டேன். வரலாம்.

கட்டுப்பாட்டு மையத்தில் ரிஃபாய். காயல்பட்டினத்துக்காரன், எனக்கு அதே கடற்கரையில் மணப்பாடு. அதனாலேயே ஒட்டிக்கொண்டவன்.

"அக்கா, டிஷ்ஷை அணைச்சிருங்க. படம் எங்க ஓடிறப் போவுது?"

"மத்த ஆறும் என்னடா சொல்லுது?"

"ஆறும் ரெடிதான். பெரியவங்ககிட்ட பேசிட்டு முடிவு சொல்லுதேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீய."

6ஆம் நாள், 03:40

முடிவு வரவில்லை. இணைப்புச் செயற்கைக்கோள் ஊமையாகிவிட்டது. இங்கிருந்து பூமி கண்ணுக்கே தெரியாது; அந்த ஒரு செயற்கைக்கோள்தான் எனக்கு வழி.

கடைசியாகக் கேட்டது: ஆறும் ரெடி. அப்படியென்றால் இந்நேரம் ஆறும் கருந்துளைப் பக்கம் திரும்பியிருக்கும். நான் இல்லாவிட்டால் படம் மங்கல்தான்.

ஹீட்டரை அணைத்தேன். டிஷ்ஷைத் திருப்பினேன்.

6ஆம் நாள், 10:15

விண்வெளி உடைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் என் மூச்சு உறைகிறது. இடது கை விரல்கள் மரத்துவிட்டன.

ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். ஏதோ ஒரு மலையில் யாரோ டீயை ஆறவிட்டு, நான் பார்க்கும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே வந்த நாளிலிருந்து இன்றுதான் தனியாக இல்லை என்று தோன்றுகிறது.

6ஆம் நாள், 12:50

பதிவு முடிந்தது. முழுசாக. கொஞ்சம் அழுதேன்.

ஹீட்டர் போட்டேன், குறைந்த அளவில். பேட்டரி நான் நினைத்ததைவிட மோசம்.

7ஆம் நாள், 08:00

செயற்கைக்கோள் திரும்பியது. தேங்கியிருந்த செய்தி முதலில் வந்தது. நேற்று அதிகாலை அனுப்பியது.

"அக்கா, முடிவாயிட்டு. பதிவு கெடையாது. ஆறு டிஷ்ஷையும் நாங்களே நிறுத்திட்டோம். நாங்க பார்க்கலன்னா நீங்களும் அணைச்சிருவியல்லா, அதுக்குத்தான். ஹீட்டரைப் போட்டுட்டு நல்லா போத்திப் படுங்க."

இரண்டு முறை கேட்டேன்.

பிறகு அவனே இணைப்பில் வந்தான். "அக்கா! கேக்குதா? அணைச்சிட்டியளா?"

"அணைச்சிட்டேன்டா."

"அல்ஹம்துலில்லாஹ். உசிரே போயிட்டுக்கா எனக்கு."

"சூடாத்தான் இருக்கேன். நீ போய்ச் சாப்பிடு."

டிஸ்க்கில் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. பொருத்த ஜோடி இல்லை. வெறும் இரைச்சல்.

யாருமே பார்க்கவில்லை. நான் மட்டும்தான்.

9ஆம் நாள்

ஹீட்டர் விட்டு விட்டு ஓடுகிறது. ரிஃபாய் தினமும் கூப்பிடுகிறான். குரல் ஏன் நடுங்குகிறது என்றான். மைக் கோளாறு என்றேன். சொன்னாலும் அவனால் என்ன செய்ய முடியும். இருட்டில் கப்பல் இறங்காது.

10 அல்லது 11

ஹீட்டர் நின்றுவிட்டது. பென்சிலை முஷ்டியில் பிடித்து எழுதுகிறேன். அடிக்கடி நழுவுகிறது.

இப்போது கூப்பிட்டான். பொத்தானை அழுத்தினேன். குரல் வரவில்லை.

"அக்கா?"

இன்னொரு முறை கூப்பிட்டான்.

"தூங்கிட்டியளா? சரி, தூங்குங்க. காலைல பேசு—