விடுப்புப் பொத்தான்

ஜூன் 11, புதன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. துறைமுக யார்டு முழுக்கப் புழுதி, கண்ணைத் திறக்க முடியவில்லை. கிரேன் மறுபடியும் நின்றது. அளவு மீறினால் கிரேனை நிறுத்தும் லிமிட் சுவிட்சை எவனோ ஒயர் போட்டு பைபாஸ் செய்திருக்கிறான். அலாரம் தொந்தரவாம். பழுது பார்க்கப் போன நான் கத்தினேன்.

"யாரும் பாக்கலன்னா என்ன வேணும்னாலும் செய்வியளாலே?"

ஆபரேட்டர் அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, நீ சாமியாராப் போயிருக்கணும். பிரசங்கம் நல்லா வருது."

லெஸ்லி அத்தானுடன் ஆன்லைன் செஸ் ஆட்டம் ஓடுகிறது. அக்கா புருஷன், சரக்குக் கப்பலில் மோட்டார்மேன், இன்ஜின் ரூம் வேலை. ஒவ்வொரு காய் நகர்த்தவும் ஒரு நாள் கெடு. நான் வெள்ளை. காயைப் பலி கொடுத்துத் தொடங்கும் ராஜா கேம்பிட், அதிலும் முரட்டு வகை: முதலில் குதிரையைச் சும்மா கொடு, பிறகு பிஷப்பையும் கொடு, கறுப்பு ராஜாவை வெளியே இழுத்து அடி. நான் பார்த்துப் படித்த வீடியோவில் எதிராளி உடனே செத்தான். அத்தான் சாகவில்லை. இரண்டு காய் குறைவு எனக்கு.

மூன்று வருஷமாக அவர் என்னை ஜெயித்ததே இல்லை. மில்லர்புரம் செஸ் குரூப்பில் வேறு பீற்றி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரிடம் கேட்டால் வழி சொல்லும். கேட்கவில்லை. அது கள்ளாட்டம்.

ஜூன் 12, வியாழன்

காற்று குறையவில்லை. சோப்பு, சேவிங் பிளேடு வாங்க மறந்தேன்.

அத்தானின் கப்பல் சிங்கப்பூர் போகிறது. கிழட்டுக் கப்பல், உள்ளே நெட் கிடையாது. இலங்கைக்குத் தெற்கே காலி முனையைத் தாண்டும்போது கரைச் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். அதை விட்டால் மலாக்கா வரை வெறும் தண்ணீர். அந்த அரைகுறைச் சிக்னலில் மெசேஜ் போகும், ஆப் திறக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: அவர் சொன்னால் நான் என் பக்கத்தில் விடுப்புப் பொத்தானை அழுத்துவேன். யார் அழுத்தினாலும் இருவர் கடிகாரமும் நின்று, ஆட்டம் அப்படியே நிற்கும். மூன்று வருஷமும் அப்படித்தான்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. "காலி தாண்டுது மாப்ள. விடுப்பு போட்ருலே."

பார்த்தேன். பொத்தான் மேல் விரலும் போனது. அப்போது என் முறை. விடுப்புப் போடாமல் என் இன்னொரு குதிரையை வெளியே எடுத்து வைத்தேன், சி3. ஆப் திறக்காவிட்டாலும் அந்த நகர்த்தல் அவர் போனில் அறிவிப்பாக விழும். இனி ஓடுவது அவர் கடிகாரம்.

பிறகு போடலாம் என்று நினைத்ததாக எழுத வந்தேன். பொய். அப்படி நினைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். அக்கா கோயிலில் மந்திரித்த ரொட்டி கொண்டுவந்தாள், கூடவே மகள் ஸ்டெபியும். கரையில் எல்லா வீட்டையும் போல அக்கா போனிலும் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப். கடைசியாகக் காட்டிய இடத்திலேயே அம்புக்குறி நிற்கிறது.

"பாத்தியா, அப்பா கப்பல் நகரவே மாட்டேங்கு" என்றாள் ஸ்டெபி. ஐந்து வயசு.

"நகருது பிள்ள. நமக்குத்தான் தெரியல" என்றாள் அக்கா.

ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது போன் டிங். நேரம் முடிந்தது. வெள்ளை வெற்றி.

குரூப்பில் படம் போட்டேன். "நேரம் முடிந்தது" என்ற வரியை வெட்டிவிட்டுப் போட்டேன். பிரதீப் உடனே: "ஏலே, ரெண்டு காய் கம்மியா வச்சிக்கிட்டு எப்பிடில ஜெயிச்ச? அத்தான் தூங்கிட்டாவளா?" சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினேன்.

ஜூன் 14, சனி

வேலை. தலைவலி. ஒயர் போட்டவன் யார் என்று தெரிந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன், பாதியில் வெளியே வந்துவிட்டேன். வாசலில் அக்கா பிடித்தாள். முகம் உர்ரென்று.

"கப்பல் சாட்டிலைட் போன்ல ரெண்டு நிமிசம் பேச விட்டிருக்காவ. பாதி உனக்கே போச்சு."

"எனக்கா?"

"குதிரை எஃப் அஞ்சுன்னு சொல்லச் சொன்னாவ. சொன்னா அவனுக்கு விளங்கும்னாவ. என்னல அது, குதிரைப் பந்தயமா?"

எனக்கு விளங்கியது. என் யானையும் ராணியும் அவர் ராஜாவைக் குறி வைத்திருந்த வரிசையில் அந்தக் குதிரை வந்து உட்கார்ந்தால், கதவு சாத்தியதுதான். தாக்குதல் தீர்ந்தது. சரியான ஆட்டம்.

அக்கா நிறுத்தவில்லை. "இன்ஜின் ரூம்ல அட்டையில கட்டம் வரைஞ்சி, நட்டும் வாஷருமா அடுக்கி வச்சிப் பாத்தாவளாம். ரெண்டு ராத்திரி. சின்னப் பிள்ள மாதிரி சிரிக்காவ. 'ஆட்டம் நிக்கிதுல்லா, சிங்கப்பூர் போய் வைக்கேன், அதுக்குள்ள அவன் மண்டையப் பிச்சிக்கிடட்டும்'னு சொன்னாவ. அப்புறம் ஸ்டெபிகிட்ட குடுத்தேன். 'அப்பா'ன்னா. கட்டாயிட்டு."

ஸ்டெபி அக்கா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியாலே?"

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல. ஐஸ் வாங்கிக் கொடுத்தேன் பிள்ளைக்கு. வெட்கங்கெட்ட வேலை, அதுவும்.

சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

புழுக்கம். காற்று விழுந்துவிட்டது. அக்கா ஆப்பில் அம்புக்குறி நகர்ந்துவிட்டது, சிங்கப்பூர் நங்கூரம்.

மத்தியானம் யார்டில் நிற்கும்போது அத்தான் மெசேஜ். "மாப்ள, ஆட்டம் முடிஞ்சதா காட்டுது. விடுப்பு போடச் சொல்ல நான்தான் மறந்துட்டனோ?"

அதற்கு நேர் மேலே அவருடைய பழைய மெசேஜ். விடுப்பு போட்ருலே. நான் பார்த்ததற்கு அவர் போனில் இரண்டு நீல டிக் இருக்கும். அவருக்கும் தெரியும்தானே அது. தெரிந்துதான் கேட்கிறார். நான் தப்பிக்க வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

அடித்தேன்: ஆப்பில் ஏதோ கோளாறு அத்தான். அழித்தேன். அடித்தேன்: வேலை மும்முரத்தில் விட்டுப்போச்சு. அழித்தேன். கிரேன் மேலிருந்து அண்ணாச்சி சத்தம் போடுகிறார், "தம்பி, போன்ல குடியிருக்கியா?"

அனுப்பியது: "நீங்க மறக்கல. நான் பாத்தேன். தோத்துருவேன்னு போடல."

நீல டிக் விழுந்தது.

குரூப்பில் வெட்டாத படத்தைப் போட்டேன். பிரதீப் ஒரு கேள்விக்குறி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து புது ஆட்டம் ஒன்று அமைத்தேன். அதே கட்டம், அதே காய்கள், அவர் முறை. கெடு பதினான்கு நாள். அனுப்பிவிட்டேன். ஏற்பாரா தெரியாது.

ஜூன் 18, புதன்

விடியற்காலை லேசாகத் தூறல், தரைகூட நனையவில்லை. சோப்பு வாங்கியாயிற்று.

அக்கா போன் செய்தாள். அத்தான் ஸ்டெபியிடம் அரை மணி நேரம் பேசினாராம். "உன்னப் பத்திக் கேட்டேன். நல்லா ஆடுதான்னு மட்டும் சொன்னாவ. என்னல, சண்டையா?" இல்லை என்றேன்.

ஆட்டத்தை ஏற்றிருக்கிறார். குதிரை எஃப்5. மெசேஜ் எதுவும் இல்லை.

கப்பல் நங்கூரத்தில்தான் நிற்கிறது. நாளை மறுநாள்தான் கிளம்பும். சிக்னல் முழுசாக இருக்கும். ஆனால் பலகைக்குக் கீழே, அவர் பெயருக்குப் பக்கத்தில், இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக: விடுப்பில் இருக்கிறார்.

என்னிடம் சொல்லவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.