உறுமாத நாய்

மார்ச் 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் தைத்துக் கொடுத்த பையை பஸ்ஸில் மூன்று பேர் விலை கேட்டார்கள். இரண்டு நாளும் என்னைத் தரையில் கால் பாவ விடாமல் தாங்கினீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். போனிலும் சொல்லலாம். ஆனால் பேசும்போது உங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதே.

விஷயம் உங்கள் நாய் துரையைப் பற்றி. நான் கிளம்பிய அன்று காலை அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேத்தி தவழ்ந்து தட்டுக்குப் பக்கத்தில் போனாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான். உடம்பு கல்லாகிவிட்டது. தலையைத் தூக்காமல் கடைக்கண்ணால் பார்த்தான். சத்தம் மட்டும் வரவில்லை. நான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கியதும் மாப்பிள்ளை சிரித்தார். "ஏன் அத்தை பதறுறீங்க? முன்னாடிதான் உறுமுவான். பேப்பரைச் சுருட்டி மூக்கு மேல நாலு போட்டேன். இப்ப வாயே திறக்க மாட்டான்."

அதுதான் என் பயமே.

நான் பாடம் எடுத்த பள்ளியில் பக்கத்து வகுப்புக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். "புரியலை சார்" என்ற பையனுக்கு அடி விழும். சீக்கிரமே அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. "என் வகுப்புல எல்லாருக்கும் புரியுது" என்று ஆசிரியர் அறையில் மார்தட்டுவார். பரீட்சையில்தான் சாயம் வெளுத்தது.

உறுமல் திமிர் இல்லை, சம்பந்தியம்மா. "கிட்ட வராதே" என்று நாய் சொல்கிற வார்த்தை. தன் சாப்பாட்டைக் காப்பது அதன் பிறவிக்குணம். அடித்தால் வார்த்தைதான் போகும், பயம் உள்ளேயே கிடக்கும். பிறகு அதற்கு மிச்சம் இருப்பது பல் மட்டும்.

அவன் தனி அறையில் சாப்பிடட்டும். தட்டைப் பிடுங்க வேண்டாம். தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியாக ஒரு துண்டை எறிந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். போகப் போகக் கொஞ்சம் கிட்டே போகலாம். ஆள் வந்தால் சாப்பாடு பறிபோகாது, கூடத்தான் செய்யும் என்று அவனுக்குப் புரியட்டும். உறுமினால் திட்டாமல் விலகிவிடுங்கள். குழந்தையை மட்டும் அவனோடு ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

மார்ச் 11

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

பேத்திக்கு அ, ஆ சொல்லித் தருவீர்கள் என்று பார்த்தால், முதல் பாடத்தை நாய்க்கு ஆரம்பித்துவிட்டீர்கள்! குறை கண்டுபிடிக்கத்தான் வந்தார்களோ என்று எனக்குக் கொஞ்சம் முகம் சுண்டியது. மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டேன்.

இங்கே ஒரு தொந்தரவும் இல்லை. துரை சாது. உங்கள் மகளும் இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிறாள். வந்த புதிதில் அவளிடம் குக்கர் விசில்கூடத் தோற்கும். இப்போது குழாய் சொட்டுவது கேட்கிறது, வீடு அவ்வளவு அமைதி. பொறுப்பு வந்துவிட்டது போல.

பையனிடம் நாய் விஷயத்தைச் சொல்லவில்லை. அவன் வந்ததும் முகத்தைப் பார்த்துத்தான் பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறது. அவன் இல்லாத நேரத்தில் நீங்கள் சொன்னபடி செய்து பார்க்கிறேன்.

இனிமேல் என் தையல் கடை விலாசத்துக்கே எழுதுங்கள். வேறு ஒன்றும் இல்லை, தபால்காரருக்கு அதுதான் வழி.

இப்படிக்கு,
சம்பந்தி

மார்ச் 16

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தபால்காரருக்காகத்தான் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

என் மகள் ஹாஸ்டலில் இருந்தபோது நாலு பக்கம் எழுதுவாள், நாலும் புகாராகவே இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் எழுதினாள். நீங்கள் சமையலில் உப்பே போடுவதில்லை என்பதுகூட எனக்குத் தெரியும், கோபிக்காதீர்கள். இப்போது ஒரே வரி. "எல்லாரும் நலம்."

நான் அங்கே இருந்தபோது ஒரு மாலை மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் பேச்சைப் பாதியில் விட்டாள். கரண்டி கையில் அப்படியே நின்றது. கடைக்கண்ணால் கதவைப் பார்த்தாள். அதே பார்வையை மறுநாள் காலை துரையிடம் பார்த்தேன். அதனால்தான் அப்படி ஓடினேன். போன கடிதத்தில் இதை எழுதக் கை வரவில்லை.

நான் பார்த்தது தப்பாக இருக்கட்டும். உங்களிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் இல்லாத நேரம் பார்த்து அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன சொன்னாலும் "அனுசரிச்சுப் போம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவும் சுருட்டிய பேப்பர்தான்.

பயத்தோடு,
உங்கள் சம்பந்தி

மார்ச் 29

டீச்சரம்மாவுக்கு,

பேத்திக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்.

துரையைப் பின்அறையில் சாப்பிட வைத்து முட்டைத் துண்டு எறிந்து பார்த்தேன். சில நாளில் என் காலடி கேட்டாலே வால் ஆடியது. ஒருநாள் மறதியாகத் துடைப்பத்தோடு போய்விட்டேன். மெல்ல உறுமினான். நான் திட்டவில்லை, பின்னாலேயே நகர்ந்து வந்துவிட்டேன்.

உங்கள் மகளிடமும் கேட்டேன். வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் புது ரவிக்கைக்கு அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. மேல்கை முழுக்க நீலம். "கதவு இடிச்சிடுச்சு அத்தை" என்றாள். நான் "சரி" என்று சொல்லவில்லை. அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள், எல்லாவற்றையும்.

எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதினால் கை கூசும். அவர்கள் அறையில் சத்தம் கேட்டால் வீட்டுத் தையல் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பையனின் சிநேகிதன் வந்திருந்தான். "என் நாயைப் பாரு, தட்டுல கையை விட்டாலும் மூச்சு விடாது" என்று பையன் கையை நீட்டினான். துரை உறுமவில்லை. நேராகக் கடித்துவிட்டான். ஆறு தையல். பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாக இரும்புக் கம்பியைத் தேடினான். உங்கள் மகள் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுக் குறுக்கே போய் நின்றாள். "அதை அடிக்காதீங்க. என்னையும் இனிமே அடிக்காதீங்க" என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நானும் குழந்தையோடு போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவன் கம்பியைச் சுவரில் வீசிவிட்டு வெளியே போனான்.

நாளை அவன் வேலைக்குப் போனதும் என் தம்பி வேன் கொண்டு வருவான். மகள், பேத்தி, துரை மூவரையும் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து விடுகிறேன். நான் வரவில்லை. பெற்றவள், எங்கே போவேன்?

இப்படிக்கு,
சம்பந்தி

ஏப்ரல் 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மூவரும் பத்திரம். வந்ததிலிருந்து என் மகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இன்று காலை, "என்னம்மா இது, டீயா பாயசமா? இவ்வளவு சர்க்கரை போட்டா மனுஷி குடிப்பாளா?" என்று கத்தினாள். அடுப்படியில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு வேறு டீ போட்டேன். துரை என் துடைப்பத்தைக் கண்டால் உறுமுகிறான். இரண்டு பேரையும் நான் திட்டவில்லை.

இப்போது என் பயம் இடம் மாறிவிட்டது. நேற்று உங்களுக்குப் போன் செய்தேன். "நான் நல்லா இருக்கேன் டீச்சரம்மா" என்றீர்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. உடனே போனை வைத்துவிட்டீர்கள்.

இங்கே ஜன்னலோரம் ஒரு கட்டிலும் மெஷின் போட இடமும் ஒதுக்கியாயிற்று. பெற்றவள் எங்கே போவேன் என்று கேட்டிருந்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கடை விலாசத்துக்கே இதையும் அனுப்புகிறேன். நாலு பக்கம் எழுதுங்கள். என் மகள் செய்ததைக் குறை சொல்லுங்கள், என்னைத் திட்டுங்கள், சந்தோஷமாகப் படிப்பேன்.

"நலம்" என்று ஒரு வரி மட்டும் வந்தால், அடுத்த பஸ்ஸில் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
டீச்சர்