ஆடாதோடைச் சாறும் நான் கேட்காத கேள்வியும்

என் தோளில் ஏறி வளர்ந்த தங்கச்சி ஞானம்மாவுக்கு,

நீ போய் நாலு வருடமாகிறது. கல்லறைத் திருநாளுக்குக் கிள்ளான் வந்து உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே ரயிலேறிவிட்டேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் நின்றிருந்தார்கள், வெட்கமாயிருந்தது. இப்போது பத்திரிகைக்கு எழுதி ஊரையே படிக்கச் சொல்கிறேன். உன் அண்ணன் புத்தி தெரிந்ததுதானே.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னை 'டாக்டர்' என்பார்கள். படித்தது நாலாம் வகுப்பு, வேலை எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவது. அந்தப் புகையில் வந்த இருமலுக்குத்தான் முதலில் ஆடாதோடை இலையைக் கொதிக்க வைத்தேன். எட்டில் ஒரு பங்காகச் சுண்டவிட்டு, வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டுப் பாகாக்கினால், வெந்நீரில் ஒரு கரண்டி போதும். கட்டின சளி இளகிவிடும். அளவு கூடினால் வாந்தி வரும் என்பதும் தெரியும்; முதல் நாளே அரைப் போத்தலைக் குடித்துப் பார்த்தவன் நான். அதோடு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் பின்வாசலில் வந்து வாங்குவார்கள். எத்தனை நாளாய் இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்பேன். மற்றதை ஒரு ஆம்பிளை எப்படிக் கேட்பது?

நீ இருமுகிறாய் என்று கேள்விப்பட்டதும் நானே ஒரு போத்தல் கொண்டுவந்தேன். முதல் கரண்டியைக் குடித்துவிட்டு, "ஒம் பேச்சைவிடக் கசப்பு கம்மிதாண்ணே" என்று சிரித்தாய். அப்போது உனக்கு மூன்றாம் மாதம். மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொல்வது நம் வழக்கமில்லை. அதிலும் அண்ணனிடமா சொல்வாய்? நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள், உனக்கு உதிரம் போகிறது என்று ஆள் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது மருத்துவச்சி அக்கா போத்தலை முகர்ந்துகொண்டிருந்தார்.

"இது ஆடாதோடைல்ல? நோவு எடுக்காதவளுக்கு, புள்ள பொறக்கறதுக்கு நாங்க குடுக்கறதுய்யா. வாயும் வயிறுமா இருக்கறவளுக்கா குடுத்தே?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த, காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸர், "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுண்ணே, எத்தனையோ காரணம் இருக்கும்" என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா? நீ கண் திறந்து, "அண்ணே, இருமல் நின்னுடுச்சு" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. எதற்காக அதைச் சொன்னாய், ஞானம்?

ஒரு வருடம் அடுப்பில் இலை வைக்கவில்லை. பிறகு ஆட்கள் இருமிக்கொண்டே வாசலில் நின்றபோது மறுபடி காய்ச்சினேன். பெண்களுக்குக் கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. அவர்கள் புருஷன் பேரைச் சொல்லி வாங்கிப் போனார்கள்.

போன வாரம் செந்தூலிலிருந்து என் மகள் ரோசம்மா வந்தாள். அவள் அம்மா பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தாள்.

"அப்பா, அவருக்கு இருமலு. ஒரு போத்தல் தாங்க." சொல்லும்போதே இவள் இருமினாள்.

எனக்கு வெட்கமாயிருந்தது. இருந்தும் கேட்டேன். "ஒனக்கு நாள் தள்ளிப் போயிருக்காம்மா?"

"என்னப்பா இது, மககிட்ட கேக்கிற கேள்வியா?"

"பதில் சொல்லாம போத்தல் கெடையாது."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரிடம் சொல்வதுபோல், "நாப்பது நாளாச்சு" என்றாள்.

போத்தலை உள்ளே வைத்துப் பூட்டினேன். உப்பு வெந்நீரில் தொண்டையைக் கொப்பளிக்கச் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இருமல் குறைந்துவிட்டது, பிள்ளையும் நன்றாயிருக்கிறது. தாயிடம் சொல்லுமுன் தகப்பனிடம் சொன்ன பெண் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவள் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரே ஒரு கேள்வி, தங்கச்சி. கேட்டால் நீயும் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பாய். திரும்பிவிட்டுப் போகட்டும் என்று எனக்கு அன்றைக்கு ஏன் தோன்றவில்லை?

இதைப் படிக்கிற பெண்மக்களே, நாள் தள்ளியிருந்தால், மருந்து கொடுக்கிறவன் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஞானம், உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது: இனி என் கையிலிருந்து ஒரு சொட்டுப் போவதானாலும், குடிக்கப்போகிறவளைக் கண்ணால் பார்த்துக் கேட்ட பிறகுதான் போகும். மானம் கெட்டவன் என்று ஊர் சிரித்தாலும் கேட்பேன்.

கேட்கத் தெரியாமல் போன உன் அண்ணன்,
சவரிமுத்து